ஓய்வுபெற்ற அப்பாவை நடக்க வைப்பது எப்படி? உருப்படியான யோசனை இருந்தால் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், முப்பது வருடத்துக்கு மேல் அங்கேதான். இப்போது ஓய்வு. சாதாரண ஓய்வு இல்லை, ராஜ ஓய்வு. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார், அப்புறம் டிவி, சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் வசந்தம் சேனலில் நாடகம். புதன், சனி, ஞாயிறு 4டி லாட்டரி குலுக்கல் நாள்களில் மட்டும் லிஃப்டில் இறங்கிப் பக்கத்து புளோக் கடைக்குப் போய் வருவார். வாரம் முழுக்க அவர் உடம்பு அசைவது அவ்வளவுதான்.

சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. கடைசியாக பாலிகிளினிக்கில் பார்த்தபோது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற சோதனை) 8ஐத் தாண்டிவிட்டது. முட்டி வலி வேறு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் அப்பா என்னிடம் சொன்னது: "அந்த டாக்டருக்கு என்னைவிட வயிறு பெருசா இருக்கு, அவர மொதல்ல நடக்கச் சொல்லு." நான் ஏதாவது சொன்னால், "யார்டுல ஏணி ஏறி எறங்கினதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்டா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அடி எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்து, நடந்தால் புள்ளி கொடுக்கிற ஹெல்தி 365 செயலியையும் அவர் போனில் போட்டுவிட்டேன். திடீரென்று தினமும் பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் அடி காட்ட ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம், ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, கடிகாரத்தை என் ஆறு வயது மகன் கையில் கட்டிவிட்டு "தாத்தாவுக்காக ஓடு ராசா" என்று காரிடாரில் விட்டிருக்கிறார். சேர்ந்த புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றி பிஸ்கட்டும் வாங்கியாகிவிட்டது. பேரனுக்குப் பாதி, தனக்குப் பாதி. மூளை எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

எங்கள் புளோக் கீழே இலவச உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. கூப்பிட்டால், "அங்க பூராவும் கெழவிங்கதான்" என்கிறார். முன்பெல்லாம் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்து நடந்தவர், இப்போது நேராக டாக்சியில் டேங்க் ரோடு போய் இறங்குகிறார். அம்மா தண்ணீர் கிளாஸைக்கூட அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார், சொன்னால் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

அன்பாகப் பேசுங்கள், எடுத்துச் சொல்லுங்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். பேசிப் பேசி வாய் வலிக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உண்மையில் எதனால் எழுந்தார்கள் என்று சொல்லுங்கள்.

பிடோக் அக்கா:

தம்பி, பேரன் கதையைப் படித்துச் சிரித்து முடிக்கவே எனக்கு நேரமாகிவிட்டது. உங்கள் அப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உடற்பயிற்சி என்ற பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள். அந்தக் காலத்து உழைப்பாளி மனுஷருக்குக் கையை வீசிக்கொண்டு புளோக்கைச் சுற்றி வருவது என்பது வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம். கையில் ஒரு பை இருந்தால், போகிற இடத்தில் ஒரு காரியம் இருந்தால், எவ்வளவு தூரமும் போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பிடோக் நீர்த்தேக்கத்துக்கு நடக்கக் கூப்பிட்டால் கால் வலிக்கும், தேக்காவுக்குக் கீரை வாங்கக் கூப்பிட்டால் வலிக்காது. பஃபலோ ரோட்டில் ஒவ்வொரு கடையாக நின்று முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, விலை கேட்டு, வாங்காமல் அடுத்த கடைக்குப் போய், திரும்ப முதல் கடைக்கே வந்து வாங்குவார். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் மீன் யார் வாங்குவது? அப்பாவுக்கு மீன் தெரியுமா? தெரியும் என்றால் உங்கள் பிரச்சினை பாதி முடிந்தது. நீங்கள் ஒரு நாள் போய் மோசமான மீனாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.

4டி கடையையும் மாற்றலாம். கொஞ்சம் தள்ளி இருக்கிற கடையில் ராசி அதிகம் என்று யாராவது காதில் போட்டால் போதும். சூதாட்டத்துக்கு வழி காட்டுகிறாள் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், எப்படியும் வாங்கத்தான் போகிறார், கொஞ்சம் நடந்து போய் வாங்கட்டும்.

தெம்பனீஸ் பிசியோ:

நான் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். முட்டி வலிக்கிறது, அதனால் நடக்க மாட்டேன் என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் முட்டியை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பொதுவாகச் சொல்கிறேன். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானத்துக்கு ஓய்வு மருந்தல்ல. அளவான அசைவும் தசைக்கு வலுவூட்டுகிற பயிற்சியும்தான் முதல் சிகிச்சை. தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டிக்கு வருகிற சுமையைத் தாங்குகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசை கரையும், கரைந்தால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் அதிகமாக உட்காருவார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மேல் விழுகிற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். இந்தக் கணக்கை வெல்டர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், பாரம் தாங்குகிற விஷயம் அவருக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

நடையில் ஆரம்பிக்காமல் நாற்காலியில் ஆரம்பியுங்கள். உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். சோபா வேண்டாம், அது உள்ளே இழுத்துவிடும். முதலில் கையை ஊன்றிக்கொண்டுகூட எழலாம். நாடகத்தில் விளம்பரம் போடும்போதெல்லாம் முடிந்த அளவு செய்யட்டும், டிவியை அணைக்கச் சொல்லவே தேவையில்லை. அடுத்து, சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் காரிடாரில் நடப்பது. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரையை இது நன்றாகவே மட்டுப்படுத்தும்.

பத்தாயிரம் அடி என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியோடு பரவிய கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம், எட்டாயிரம் அடியிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. முதியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் சேர்த்து.

இயந்திரம் பார்த்தவர் என்பதால் இன்னொரு யோசனை. ஜிம் டோனிக் என்று முதியவர்களுக்காகவே ஒரு தசைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, லியன் அறநிறுவனம் 2015இல் ஆரம்பித்தது. அங்கே இரும்புத் தட்டு அடுக்கி எடை தூக்க வேண்டாம், காற்றழுத்தத்தில் இயங்குகிற பின்லாந்து இயந்திரங்கள், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். "கெழவிங்க ஆடுற எடம்" என்று சொல்கிற பல தாத்தாக்கள் அந்த இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்று அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் உட்கார வைப்பது சுலபம்.

ஒரு கேள்வி. அப்பா என்ன மாத்திரை போடுகிறார்? இன்சுலின் உண்டா? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. கிளிபிசைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ என்றால், நடக்க ஆரம்பிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பார்த்துச் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் டாக்டர்.

அங் மோ கியோ ஆள்:

எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விட்டுவிடுங்களேன். முப்பது வருடம் நெருப்புக்கும் புகைக்கும் நடுவில் நின்ற மனுஷர். இனிமேலாவது காலை நீட்டி உட்கார்ந்து பிராட்டா சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கட்டும். பிள்ளைகளுக்குத் தங்கள் பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு அப்பாவைப் போட்டுப் பாடாய்ப் படுத்துவது.

ஜூரோங் மருமகள்:

அங் மோ கியோ அண்ணன் சொல்வதில் பாதி சரி, பிள்ளைகளின் பயம் பெரிய பயம்தான். ஆனால் சர்க்கரை 8ஐத் தாண்டியவர் காலை நீட்டி உட்கார்ந்தால் கால் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது? என் மாமனாருக்கு ஒரு விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யார் சமைத்தது, யார் கட்டுப் பிரித்தது, யார் டாக்சி பிடித்தது என்று கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில்தான், இந்தப் பதிவை எழுதுகிற ஆள். 2010இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது, மூன்று இனங்களிலும் நாம்தான் முன்னால். 2016இல் அரசாங்கமே நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது, நம் வீட்டில் மட்டும் சமாதானக் கொடி.

ஈசூன் தம்பி, சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நீங்கள் அப்பாவிடம் பேசுகிறீர்கள், ஆனால் அகப்பை அம்மா கையில் இருக்கிறது. அவரை உங்கள் பக்கம் இழுக்காமல் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் மாமியாரிடம் சோற்றைக் குறையுங்கள் என்று சொன்னால், புருஷனைப் பட்டினி போடச் சொல்கிறாள் என்று ஊரெல்லாம் பரவிவிடும். அதனால் வரிசையை மட்டும் மாற்றினோம். முதலில் பொரியலும் கூட்டும் மீனும் தட்டில் வரும், அவர் அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சோறு வரும். பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிடுவதால் இரண்டாம் முறை சோறு கேட்பது தானாக நின்றது. தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு என்று வாரியம் சொல்கிற கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம், யாரும் யாருக்கும் பாடம் எடுக்காமல்.

கோப்பிக்கடையில் அவர் என்ன குடிக்கிறார் என்று பாருங்கள். சும்மா "தே" என்றால் கெட்டிப்பால், அதிலேயே நிறையச் சீனி. ஒரேயடியாகப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாற்றினால் உங்கள் முகத்திலேயே துப்பிவிடுவார். முதலில் இனிப்பைக் குறைத்த சியூ டாய், கொஞ்ச நாள் கழித்து கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத பால் ஊற்றுகிற தே சி சியூ டாய், பிறகு சீனியே போடாத தே சி கோசோங் என்று இறக்கினால் நாக்கு பழகிவிடும். டின், பாக்கெட் பானம் வாங்கினால் சீனியையும் கொழுப்பையும் வைத்துத் தரம் பிரிக்கிற ஏ, பி, சி, டி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், 2022 கடைசியிலிருந்து போடுகிறார்கள். பிராட்டாவை நிறுத்தச் சொல்லாதீர்கள், வாரத்தில் ஒரு நாள் என்று அவருக்கு விட்டுவிடுங்கள். அதையும் பிடுங்கினால் ஒளித்துச் சாப்பிடுவார், அது இன்னும் ஆபத்து, மாத்திரையைக் கூட்டச் சொல்கிற டாக்டருக்கு உண்மை தெரியாது.

டாக்டர் என்றதும் இன்னொன்று. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் அப்பாவைச் சேர்த்துவிட்டீர்களா? 2023 ஜூலையில் வந்தது, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம், பாலிகிளினிக்காகவும் இருக்கலாம், வீட்டுப் பக்கத்து டாக்டராகவும் இருக்கலாம். வயிறு பெருத்த டாக்டர் பிடிக்கவில்லை என்றால் பிடித்த டாக்டரிடம் போகட்டுமே. ஒரே ஆள் வருடக்கணக்கில் பார்க்கும்போது "போன தடவை என்ன சொன்னீங்க அங்கிள்" என்று கேட்பார். மகன் கேட்டால் வராத வெட்கம் அவர் கேட்டால் வரும்.

ஈசூன்வாசி:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பிடோக் அக்கா, மீனா! அப்பாவுக்கு மீன் தெரியுமாவா! அவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, மீன்காரரிடம் "இது நேத்து மீனு" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். இப்போது அம்மா பேரங்காடியில் வெட்டிப் பொட்டலம் போட்ட மீனை வாங்குகிறார், அதைச் சாப்பிடும்போதெல்லாம் அப்பா குறை சொல்கிறார். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! சோங் பாங் மார்க்கெட் எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரம்தான்.

மாத்திரை பெயரை அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். ஜூரோங் அக்கா, அம்மாவை இழுப்பது அப்பாவை நடக்க வைப்பதைவிடக் கஷ்டம், ஆனால் வரிசையை மாற்றுகிற யோசனையை மனைவி குறித்துக்கொண்டாள்.

தோ பாயோ பெரியவர்:

தம்பி, எனக்கு வயது 71. பஸ் ஓட்டினவன். உங்கள் அப்பா பக்கத்திலிருந்து ஒரு ஆள் பேசட்டும் என்று எழுதுகிறேன்.

பிள்ளைகள் நடங்கள் அப்பா, இனிப்பு வேண்டாம் அப்பா என்று சொல்லும்போது எங்கள் காதில் என்ன விழுகிறது தெரியுமா? உனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் நாங்கள் சொல்வதைக் கேள். வேலையில் இருந்தவரை சூப்பர்வைசர் ஏச்சைக் கேட்டோம். ஓய்வில் வந்து பெற்ற பிள்ளையே சூப்பர்வைசராக நின்றால் யாருக்குப் பிடிக்கும்? அதுவும் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டி எத்தனை அடி என்று கணக்குக் கேட்டால்? பேரன் கையில் கட்டினது நியாயம்தான் என்பேன்.

பயமும் இருக்கிறது, அதை வெளியே சொல்ல மாட்டோம். ஏணி ஏறினவன் இன்றைக்கு மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதை நான்கு பேர் பார்க்கக் கீழே வகுப்பில் போய் நிற்பதா? வீட்டில் உட்கார்ந்தால் இன்னும் பழைய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

என்னை எழுப்பியது என் பிள்ளைகள் இல்லை. கூட வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துச் சிநேகிதர், ஒரு நாள் போன் போட்டு "நாளைக்கு ஆறரைக்கு புளோக் கீழே நில், கோப்பி குடிக்கலாம்" என்றார். கோப்பிக்கடை எங்கள் புளோக்கிலேயே இருக்க, அவர் காலாங் நதி ஓரமாக பீஷான் பூங்கா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார், கோப்பி அங்கேதான் நன்றாக இருக்குமாம். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் யாரும் நடைப்பயிற்சி என்று சொல்லவில்லை. மறுநாளும் போன் வந்தது. போகாவிட்டால் அவர் தனியாகக் கீழே நிற்பார், அந்த ஒரு எண்ணத்துக்காகவே போனேன். இப்போது ஒரு கூட்டமே இருக்கிறது, பழைய ரூட் நம்பர் பேசிக்கொண்டே நடக்கிறோம், காதில் ஒலி 96.8 வானொலியைப் போட்டுக்கொண்டு வருகிற ஒருவரும் உண்டு.

உங்கள் அப்பாவின் யார்டு கூட்டாளி யாராவது பக்கத்தில் இருப்பார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் அவருக்குப் போன் போடுங்கள். ஈசூனில் இருந்துகொண்டு செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போகாமல் இருப்பார்களா? 2020இல் பூங்காவாக மாற்றித் திறந்தார்கள், முன்பு அது எப்படிக் கிடந்தது என்று பேசவே அவர்களுக்கு ஒரு காலைப் பொழுது போதாது. முட்டை கொண்டுபோய் வேகவைத்துச் சாப்பிடலாம்.

தைப்பூசத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கென்னவோ அங்கேதான் சூட்சுமம் என்று தோன்றுகிறது. டாக்சியில் போய் இறங்குகிற ஒவ்வொரு வருடமும் அவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்கவும் வேண்டாம். "அடுத்த வருஷம் நான் பால்குடம் எடுக்கலாம்னு இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க கூட வந்தாத்தான் ஆச்சு" என்று சொல்லிப் பாருங்கள். உடம்புக்காக நடக்க மாட்டார், முருகனுக்காக நடப்பார், மகனுக்கு வழி காட்டுவதற்காகக் கட்டாயம் நடப்பார்.

தெம்பனீஸ் பிசியோ:

பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு தடவை யோசித்தேன், கெடுக்கிற மாதிரி எழுதலாமா என்று. எழுதத்தான் வேண்டும். பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. வெந்நீர் ஊற்றுக்குத் தாராளமாகப் போகட்டும், முட்டை வேகட்டும், கால் வேக வேண்டாம். ஊற்றிலிருந்து வருகிற நீர் 70 பாகை அளவுக்குச் சூடு, ஆறவிட்ட தொட்டிகளிலும் அவர் காலை வைக்காமல் இருப்பதே நல்லது. தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு நடக்கிற எண்ணம் இருந்தால், முன்கூட்டியே டாக்டரிடம் பாதத்தைக் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடாவருடம் செய்ய வேண்டிய பாதச் சோதனை அது, எப்படியும் செய்தாக வேண்டியதுதான். தினசரி நடைக்குச் செருப்பு வேண்டாம், விரலை அழுத்தாத காலணியும் காலுறையும். இரவில் அம்மா ஒரு தடவை பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்தால் போதும்.

பால்குட யோசனை அருமை. எத்தனையோ பேருக்குப் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு நல்ல காரணம் ஒன்றுகூட எழுதிக் கொடுத்ததில்லை.

பிடோக் அக்கா:

பெரியவரே, வந்து எங்கள் அம்மாவிடமும் பேசுங்கள்.

ஈசூன்வாசி:

நிலவரம் சொல்கிறேன். வாடின கொடுவா ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு அம்மா வீட்டில் வைத்தேன். அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "காசு மரத்துல காய்க்குதா" என்று ஆரம்பித்து என் படிப்பு வரைக்கும் போனார். அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், அதிலிருந்து மீன் வாங்குவது அவர் இலாகா. போகும்போது நடக்கிறார், வரும்போது பஸ். பை கனக்கிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, தோ பாயோ ஐயா சொன்ன சூப்பர்வைசர் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

யார்டு கூட்டாளி ஒருவர் செம்பவாங்கிலேயே இருக்கிறார், அவர் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன். "உங்கப்பன் இன்னும் அதே சோம்பேறியா?" என்றார். இந்த வார இறுதியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பால்குடப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை, முதலில் மனைவியிடம் சொன்னேன், நீங்கள் நிஜமாகவே எடுக்க வேண்டியிருக்கும் தெரியுமா, விரதம் இருக்க முடியுமா என்று கேட்கிறாள். எனக்கும் வயிறு கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது.

பிசியோ அக்கா, மாத்திரை பெயர் பார்த்துவிட்டேன். மெட்ஃபார்மின், கூடவே கிளிபிசைட். காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் போகிறார், திரும்பி வந்துதான் பசியாறுகிறார், நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இது பரவாயில்லையா?

தெம்பனீஸ் பிசியோ:

இல்லை தம்பி, இதை இன்றைக்கே மாற்றுங்கள். கிளிபிசைட் சாப்பாட்டை எதிர்பார்த்து வேலை செய்கிற மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வது வழக்கம், போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். மாத்திரையும் போட்டு, வெறும் வயிற்றில் நடந்தும் போனால் மார்க்கெட் நடுவில் சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் மாத்திரை, பசியாறல், அதற்குப் பிறகு மார்க்கெட். ஏழு மணிக்கே போனால்தான் நல்ல மீன் என்று அடம் பிடித்தால், வந்து பசியாறும் நேரத்துக்கு மாத்திரையைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, படபடப்பாக இருக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது என்றால் உடனே உட்கார்ந்து மிட்டாயைச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. சீனி போடாத பானம் அந்த நேரத்துக்கு உதவாது. தேறியதும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். இதை அம்மாவுக்கும் அந்த யார்டு நண்பருக்கும் சொல்லி வையுங்கள், கூட நடக்கப் போகிறவர் அவர்தானே. வரும்போது பஸ்ஸில் வருவதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் பேச வேண்டாம்.